ஷிப்ட் வுட்டு

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், பாத்திரத்தைப் போட்டு உடைக்க மாட்டேன். சொன்னதை மட்டும் செய்வேன். அதற்கு மேல் ஒரு இம்மி செய்ய மாட்டேன். எங்கள் வீட்டில் இதற்கு ‘லூர்துவோட விரதம்’ என்று பெயர். என் முழுப்பெயர் லூர்துமேரி. அந்த விரதத்தின் பன்னிரண்டாம் நாளில் ஒரு மனிதரின் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தேன். எனக்கு வசதியாக எதையும் விட்டுவிடாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

நெய்வேலி மெயின் பஜாரில் ஆல்பினுடைய ஜெராக்ஸ் கடையில் பதினொரு வருடமாக எழுதுகிறேன். மனு, மெமோவுக்கு விளக்கம், குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது என்று புகார், எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும். டவுன்ஷிப்பில் திருநெல்வேலிக்காரர் ஒரு மாதிரி பேசுவார், தர்மபுரிக்காரர் ஒரு மாதிரி பேசுவார், மைன்ஸைச் சுற்றியுள்ள கிராமத்து ஆட்கள் இன்னொரு மாதிரி. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தவர் முதலில் சொல்வது பெரும்பாலும் விஷயமாகவே இருக்காது. மூன்றாவது கேள்விக்கோ நான்காவது கேள்விக்கோதான் விஷயம் வெளியே வரும். அதுவரை பேனாவைத் திறக்க மாட்டேன்.

ஆல்பினுக்கு முப்பது வயது. கெட்டவன் இல்லை, அவசரக்காரன். போன மாதம் ஒரு டேப்லெட்டை வாங்கிக் கவுண்டரில் நிறுத்தினான். வந்தவர் அதைப் பார்த்துப் பேசினால் போதும். விண்ணப்பமா, புகாரா, விளக்கமா என்று ஒரு தட்டுத் தட்டினால் அதுவே கடிதத்தை எழுதி பிரிண்டரில் தள்ளிவிடும்.

“ரெண்டே நிமிஷம்க்கா. நீங்க ஒரு லெட்டருக்கு ஒரு மணி நேரம் எடுக்குறீங்க,” என்றான்.

“அப்ப எனக்கு என்ன வேலை?”

“பின் அடிச்சுக் குடுங்க. லேமினேஷன் பாருங்க.”

“வர்றதை ஒரு தடவை படிச்சிட்டாவது குடுக்குறேன்.”

“வேணாம்க்கா. படிச்சா பேனா எடுப்பீங்க. நீங்க பேனா எடுத்தா லைன் அப்படியே நிக்கும். அது தப்பு பண்ணாது, விடுங்க.”

சரி சாமி என்றேன். அன்றிலிருந்து விரதம். தாள் வரும், மூலையில் ஒரு பின் அடிப்பேன், நீட்டுவேன். ஒரு வரி படித்ததில்லை. படிக்கக் கூடாது என்று சொன்னவன் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்பான், அன்றைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். யார் தலையில் விடியும் என்று யோசிக்கவே இல்லை.

அது வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் மெமோவோடு வந்தார். பெயர் கொளஞ்சிநாதன். மைன்ஸில் தண்ணீர் இறைக்கிற பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் பதினாலு வருடமாக வேலை. திங்கட்கிழமை முதல் ஷிப்டில் பணியிடத்தை விட்டு வெளியேறினாராம், அதனால் மோட்டார் எரிந்துபோனதாம். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு மெமோ. விளக்கத்தைப் பதினோரு மணிக்குள் கொடுக்க வேண்டும், விசாரணை அன்றைக்கே நாலு மணிக்கு.

ஆல்பின் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினான். மனிதர் அதன் முன்னால் கைகட்டி நின்று, அதிகாரியிடம் பேசுகிற மாதிரி மெதுவாக ஏதோ சொன்னார். நான் ஒரு ஆதார் கார்டை லேமினேட் செய்துகொண்டிருந்தேன். காது கேட்டது, மனசு கேட்கவில்லை. தாள் வந்தது. பின் அடித்து நீட்டினேன்.

அவர் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். முதல் வரியிலேயே திணறினார். “யக்கா, சரியா இருக்குதான்னு ஒரு தபா பாரேன். எனக்கு இந்தப் பெரிய தமிழ் வராது,” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மெஷின் தப்பு பண்ணாதாம். ஓனர் சொல்லியிருக்காரு,” என்றேன். ஆல்பினுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். கொளஞ்சிநாதன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒன்றேகால் மணிக்குத் திரும்பி வந்தார். நடை சரியில்லை. ஸ்டூலில் உட்காராமல் என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யக்கா, அந்தப் பேப்பர்ல இன்னாதான் எழுதியிருந்துச்சு? ஆபீஸ்ல சீல் போட்ட தம்பி படிச்சிட்டு, ‘நீயே ஒத்துகினியே, அப்புறம் இன்னா விசாரணை, நாலு மணிக்கு வந்து கேட் பாஸ குடுத்துட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போ’ங்கறான். நான் எங்கக்கா ஒத்துகினேன்?”

சீல் போட்ட நகலை வாங்கிப் படித்தேன். பன்னிரண்டு நாளில் நான் படித்த முதல் தாள் அது.

‘கடந்த திங்கட்கிழமை முதல் ஷிப்டில் பணியில் இருந்த நான், பணியை விட்டு வெளியேறியது உண்மையே என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனது செயலால் நிறுவனத்திற்கு ஏற்பட்ட இழப்பிற்கு மனமார வருந்துகிறேன். இனி இத்தகைய தவறு நிகழாது என உறுதியளிக்கிறேன்.’

தமிழில் ஒரு பிழை கிடையாது. ஒற்றுகூட விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது.

“காலையில அதுகிட்ட என்ன சொன்னீங்க? ஒரு வார்த்தை மாத்தாம சொல்லுங்க.”

“ஷிப்ட் வுட்டு போனேன்னு சொன்னேன்.”

“வேற?”

“அவ்ளோதான். கேட்டது அவ்ளோதானே. ஷிப்ட் வுட்டுதான் போனேன், மோட்டார் எரிஞ்சது எனக்குத் தெரியாது, இனிமே பாத்துக்கறேன்னு சொன்னேன்.”

ஷிப்ட் வுட்டு. இந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், ஷிப்ட் முடிந்து என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்தான், சினிமா விட்டு வந்தான் என்கிறோமே, அதேதான். கடையில் நின்று சொன்னதை மெஷின் திருத்தமான தமிழாக்கியபோது, ஷிப்ட் முடிந்து போன மனிதர் பணியைப் போட்டுவிட்டு ஓடிப்போனவர் ஆகிவிட்டார். மெமோவில் என்ன குற்றம் சாட்டியிருந்தார்களோ அதையே அவர் கையெழுத்தோடு அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

விளக்கிச் சொன்னேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மேசையை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பாஸ் போச்சுன்னா வேற எந்தக் கான்ட்ராக்ட்காரனும் உள்ள சேத்துக்க மாட்டான்க்கா. பதினாலு வருசம். எங்க நெலம் மைன்ஸுக்குள்ளதான் இருக்குது. வெளிய போனா எனக்கு விவசாயமும் கெடையாது, வேலையும் கெடையாது.”

ஆல்பின் எட்டிப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. “திருத்தம்னு ஒரு ஆப்ஷன் இருக்குக்கா, இதோ,” என்று டேப்லெட்டைத் தட்டினான். முக்கால் நிமிடத்தில் இன்னொரு தாள் வந்தது. இந்தமுறை நான்தான் முதலில் பிடுங்கினேன்.

‘மன உளைச்சல் காரணமாக எனது முந்தைய விளக்கத்தில் தவறான தகவல்களை அளித்துவிட்டேன். அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

“உங்களுக்கு மன உளைச்சலா?” என்று கொளஞ்சிநாதனைக் கேட்டேன்.

“இப்பத்தான்க்கா,” என்றார்.

தாளை நாலாகக் கிழித்தேன். “ஆல்பின், காலையில ஒத்துக்கிட்டாரு, மத்தியானம் பொய் சொன்னேன்னு சொல்றாருன்னு படிக்கிறவன் நினைப்பான். இவரை ஓடுகாலி ஆக்கினது பத்தாதா, பொய்யனும் ஆக்கணுமா? அந்தக் கருமத்தை அந்தப் பக்கம் திருப்பி வை.”

மணி ஒன்றே முக்கால். கம்ப்யூட்டரில் யாரோ உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன், பேனாவை மூடியபடியே வைத்திருந்தேன்.

“திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“பம்ப் ஷெட்லதான்.”

“ரெண்டு மணிக்குச் சங்கு ஊதிச்சே, உடனே கெளம்பிட்டீங்களா?”

“எப்படிக் கெளம்பறது? ரிலீவர் வர்ல. அடுத்த ஆளு வராம எடத்த வுட்டு நவுறக் கூடாது. உக்காந்துகினு இருந்தேன்.”

“உக்காந்துக்கிட்டு என்ன பண்ணீங்க?”

“சும்மாதான் இருந்தேன்.”

சும்மா என்கிற வார்த்தையை நான் என்றைக்கும் நம்பியதில்லை. “சும்மான்னா? கையில என்ன இருந்துச்சு?”

“பேனா இருந்துச்சு. ரீடிங் எழுதிகினு இருந்தேன்.”

“என்ன ரீடிங்?”

“மணிக்கு ஒரு தபா பிரஷரும் ஆம்ப்ஸும் ரிஜிஸ்டர்ல எழுதணும். ரெண்டு மணி ரீடிங் வர்றவன் எழுதணும். அவன் வர்ல, நானே எழுதினேன். அப்புறம் கெளம்பசொல்லோ ரெண்டு இருவதுக்கு ஒண்ணு எழுதினேன்.”

“ரெண்டு இருபதுக்கு ரீடிங் எடுக்கிற வழக்கம் உண்டா?”

“கெடையாது. நாளைக்கு எவனாவது கேட்டான்னா, நான் இருந்தேன்னு தெரியட்டும்னு எழுதினேன். கையெழுத்தும் போட்டிருக்கேன்.”

“இதை ஏங்க காலையில சொல்லல?”

“யாருக்கா கேட்டாங்க?” என்றார். குற்றம் சொல்லும் குரலில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“சரி, ரிலீவர் வராம ரெண்டு இருபதுக்கு எப்படிக் கெளம்புனீங்க?”

“சூப்பர்வைசர் குமரவேல் வண்டில வந்தாரு. ‘வேன் கெளம்புது, அதுல ஏறலன்னா நீ நடந்துதான் போவணும், நீ போ, நான் ஆள அனுப்பறேன்’னாரு. அவருகிட்ட சொல்லிகினுதான் போனேன். ரிலீவரு மூணேகாலுக்குத்தான் வந்திருக்கான். அதுக்குள்ள தண்ணி எறங்கி, பம்ப் காத்து இழுத்து, மோட்டார் எரிஞ்சிடுச்சு.”

“குமரவேல் இப்ப என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. போன் எடுக்குறதில்ல.”

அப்போதுதான் பேனாவைத் திறந்தேன். எழுதுவது என்றால் சும்மா இல்லை. காலையில் கொடுத்த தாளில் இருப்பது அவருடைய கையெழுத்து. அதை மறுத்தாலும் தப்பு, மறுக்காமல் விட்டாலும் தப்பு. படிக்கிறவர் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவும் படித்த கையோடு பார்க்க வேண்டும். சுற்றி வளைத்தால் முதல் பாராவிலேயே மடித்து வைத்துவிடுவார். மூன்று தாளைக் கசக்கிப் போட்டேன். நாலாவது தாள் நின்றது.

‘ஐயா, இன்று காலை கொடுத்த விளக்கத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது. அதில் உள்ள, பணியை விட்டு வெளியேறினேன் என்ற வரி என்னுடையது அல்ல. நான் சொன்னது, ஷிப்ட் வுட்டு போனேன் என்பது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த பிள்ளை அல்ல.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. மாற்று ஆள் வரவில்லை. அவர் எழுத வேண்டிய இரண்டு மணி ரீடிங்கை நான் எழுதினேன். இரண்டு இருபதுக்கு இன்னொரு ரீடிங் எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படி எழுதும் வழக்கம் இல்லை. நான் இருந்தேன் என்பது தெரிய வேண்டும் என்று எழுதினேன். அப்போது பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் குமரவேல் அவர்கள் ஆள் அனுப்புவதாகச் சொல்லி என்னை வேனில் ஏறச் சொன்னார். அவர் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. நான் இருந்ததற்குச் சாட்சி உங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறது. தயவுசெய்து அதைத் திறந்து பார்த்த பிறகு என்னைக் கேளுங்கள்.’

சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொளஞ்சிநாதன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில் தயங்கினார். “யக்கா, எதுக்கும் ஒரு மன்னிப்பு வார்த்தை சேத்துடு. பெரிய எடம்.”

“எதுக்கு மன்னிப்பு?”

“சும்மா, ஒரு மரியாதைக்கு.”

“மரியாதைக்குன்னு போட்ட மன்னிப்பாலதான் இப்ப இங்க உக்காந்திருக்கோம். தப்புப் பண்ணாதவன் மன்னிப்புக் கேட்டா, படிக்கிறவன் தப்பைத் தேடுவான். வேண்டாம்.”

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. அவருடைய வேலை, என்னுடைய பிடிவாதம்; எந்த உரிமையில் பிடிவாதம் பிடிக்கிறாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. நான் எழுதியது தப்பானால் கேட் பாஸைக் கொடுக்கப்போவது அவர்தானே தவிர நான் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். “நம்பி வாங்க,” என்றேன். சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது.

கடைசியில் அடியில் நாலு வரி நான் சேர்த்தேன். ‘மேற்படி தவறு மெயின் பஜாரில் உள்ள எங்கள் கடையில் நேர்ந்தது. இவர் படித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டும், அச்சான தாளை நான் படிக்காமல் கொடுத்தேன். இப்படிக்கு, லூர்துமேரி.’

ஆல்பின் அதைப் பார்த்துப் பதறினான். “கடை பேரு வேணாம்க்கா. அந்தக் கம்பெனியோட பேப்பர் வேலை பாதி நம்மகிட்டதான் வருது.”

“போனா போகட்டும்.”

“உங்களுக்கும் வேலை இருக்காதுக்கா. நான் மிரட்டலை, நிஜமா சொல்றேன்.”

“பின் அடிக்கிற வேலைதானே, அதை நீயே அடிச்சுக்க,” என்றேன். கடை சீலை எடுத்து என் பெயருக்குக் கீழே அழுத்தினேன். அவன் தடுக்கவில்லை.

மூன்றரைக்குக் கொளஞ்சிநாதனின் டிவிஎஸ் எக்ஸலில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கம்பெனி ஆபீஸ் மந்தாரக்குப்பம் ரோட்டில் இருந்தது. நாலு மணிக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். குமரவேலும் அங்கேதான் நின்றிருந்தார்; உள்ளே போகுமுன் கொளஞ்சிநாதன் கண்ணால் காட்டியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலேகாலுக்கு பியூன் வந்து எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னான்.

விசாரணை அதிகாரி பெயர் அசோக்குமார். சேலத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். காலைத் தாளும் என் தாளும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ரிஜிஸ்டரைக் காணோம்.

“இது ரெண்டும் உங்க கடையில எழுதினதுதானா?”

“ஆமாங்க.”

“ரெண்டுலயும் இவர் கையெழுத்து இருக்கு. நான் எதை நம்பணும்?”

“ரெண்டாவதை நான் எழுதினேங்க. முதல்ல உள்ளதை யாரும் எழுதலை.”

“புரியலை.”

“அது மெஷின் எழுதினது. நான் படிக்காம பின் அடிச்சுக் குடுத்தேன்.”

“பதினோரு வருஷமா எழுதறீங்கன்னு இவர் சொல்றாரு. படிச்சுப் பாக்கச் சொல்லிக் கேட்டிருக்காரு. ஏன் படிக்கலை?”

என்ன சொல்வது? வேலை அதிகம் என்று சொல்லலாம், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லலாம். கொளஞ்சிநாதன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோபத்துலங்க. ஓனர் மேல கோபம். அதை இவர் மேல காட்டிட்டேன்.”

அசோக்குமார் பியூனைக் கூப்பிட்டு ஷெட் ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார். அது வருவதற்கு ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். கொளஞ்சிநாதன் சட்டைப்பையில் இருந்த கேட் பாஸை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தார்.

ரிஜிஸ்டர் வந்தது. திங்கட்கிழமைப் பக்கம். அதிகாரி விரலை மேலிருந்து கீழே இறக்கி ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“குமரவேல், ரெண்டு இருபதுன்னு போட்டிருக்கே, இது யார் கையெழுத்து?”

“இவனுதுதான் சார்.”

“ஷிப்ட் ரெண்டு மணியோட முடியுது. ரெண்டு இருபதுக்கு இங்க இருந்தவன் எப்படி ஷிப்டை விட்டு ஓடினான்? நீங்க குடுத்த ரிப்போர்ட்ல பணியிடத்தை விட்டு வெளியேறினார்னு இருக்கு.”

குமரவேலும் இந்தப் பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது. “நான் அப்படிச் சொல்லல சார். ஆபீஸ் போன்ல பேசினா அதுவே ரிப்போர்ட் எழுதிகுது. ஷிப்ட் வுட்டு போயிட்டான், அடுத்த ஆளு வர்லன்னுதான் நான் பேசினேன்.”

குற்றம் சாட்டியவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

“ரிப்போர்ட்டைப் படிச்சீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“படிச்சேன் சார்.”

“அப்புறம்?”

“வேன்ல போகச் சொன்னது நான்தான். ஆளு அனுப்பறதுக்குள்ள இன்னொரு ஷெட்ல கூப்ட்டாங்க, மறந்துட்டேன். மோட்டார் எரிஞ்சதும் என் தலைல விழும்னு பயமா இருந்துச்சு. ரிப்போர்ட் அப்படி வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல.”

அசோக்குமார் பேனாவை எடுத்து மெமோவின் மேல் ஏதோ எழுதினார். “நாளைக்கு முதல் ஷிப்டுக்கு வந்துடுங்க,” என்று கொளஞ்சிநாதனிடம் சொன்னார். மனிதர் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

நாங்கள் கிளம்பும்போது அதிகாரி என்னை மட்டும் நிறுத்தினார். ஒரு ஃபைலைத் திறந்து சில தாள்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் இடது மூலையில் ஒரு பின். நான் அடிக்கிற பின்னை நான் அறியாமல் இருப்பேனா?

“இந்த ரெண்டு வாரத்துல இப்படி இன்னும் மூணு விளக்கம் வந்திருக்கு. மூணுமே உங்க கடை. கடைசி பாரா மூணுலயும் ஒண்ணுதான். மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்கன்னு நான்தான் பாஸைக் கேன்சல் பண்ணினேன்.”

“பேருங்க?” என்றேன்.

“நான் குடுக்க முடியாது. உங்க கடையில இருக்கணுமே. அவங்க வந்து எழுதிக் குடுத்தா நான் படிக்கிறேன்.”

வெளியே வந்தேன். கொளஞ்சிநாதன் வண்டியை எடுத்துத் தயாராக நின்றார். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார். வேண்டாம், சீக்கிரம் கடைக்கு விடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது.

“மூணு பேரா? அவுங்களும் உன்ன ஒரு தபா படிக்கச் சொல்லிக் கேட்டாங்களாக்கா?”

“தெரியலை,” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. யார் முகமும் நினைவில் இல்லை.

கடையில் லைன் நின்றிருந்தது. ஆல்பின் என்னைப் பார்த்ததும் என்ன ஆச்சு என்று கேட்டான். அவனை நகரச் சொல்லிவிட்டு, மெஷின் எழுதிய கடிதங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தேன். விளக்கம் என்ற பெயரில் பதினேழு இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனேன். அந்தக் கம்பெனிக்குப் போனவை நாலு. ஒன்று கொளஞ்சிநாதனுடையது. அடுத்தது திலகவதி, அதே கம்பெனி கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிற மைன்ஸ் கேன்டீனில் வேலை. ‘கேன்டீன் பொருட்களை அனுமதியின்றி எடுத்துச் சென்றது உண்மையே’ என்று இருந்தது. அடியில் போன் நம்பர் இருந்தது.

அடித்தேன். நாலாவது ரிங்கில் எடுத்தாள். யார், என்ன என்று சொன்னேன். “உங்க விளக்கத்தை நான் திரும்ப எழுதணும்மா. அன்னிக்கு எங்க கடையில நீங்க வாயால என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல.”

மறுபக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“பின் அடிச்சுக் குடுத்தியே, அந்த அக்காதான நீ? அன்னிக்கு உன் எதிர்லதான அழுதுகினே சொன்னேன். நீ தல நிமுந்துகூடப் பாக்கல.”

“ஆமாம்மா, பாக்கலை,” என்றேன். “போனை வச்சிடாதீங்க.”